ஒரு கமாவின் மகிமை

குறிஞ்சிப்பாடியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன், தன் ஆங்கில உத்தியோக விண்ணப்பத்தை நம்மிடம் காட்டினான். பரீட்சையில் ஒருமுறை தவறியதைச் சொல்லிவிட்டு, ‘ஹௌஎவர் ஐ ட்ரைட் அகெய்ன்’ என்று எழுதியிருந்தான். முதற்சொல்லின்பின் கமா இட்டால், ‘ஆயினும், மீண்டும் முயன்றேன்’ என்று பொருள். விட்டாலோ, ‘எப்படி மீண்டும் முயன்றபோதிலும்’ என்று வாக்கியம் அந்தரத்தில் நின்றுவிடும். முயற்சியே தோல்வியாகத் தோன்றும்!

தமிழில் இத்தொல்லை இல்லை. இரு பொருளுக்கும் சொற்களே வேறு. ஓலைச்சுவடிகளில் நம் முன்னோர் கமாவின்றியே எழுதினர். பின்னர் அச்சு நூல்களில் நிறுத்தக் குறிகளைத் தமிழ் உரைநடைக்குப் பழக்கியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). ஆங்கிலத்திலோ ஒரே சொல்லின் இரு பொருளையும் பிரிப்பது அச்சிறு குறியே.

ஓரிழை தவறினால் துணி என்னவாகும் என்று நெசவாளர் மகனுக்கு நாம் சொல்லவேண்டுமா? உடனே பேனாவை எடுத்தான்.