பழி தேடும் சமூகமும் காரணம் தேடும் அமைப்பும்

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் காலை. ஆஸ்டின் விமான நிலையத்தை அடர்ந்த மூடுபனி சூழ்ந்திருந்தது. ஃபெடெக்ஸ் சரக்கு விமானம் தரையிறங்குவதற்கும், சவுத்வெஸ்ட் பயணிகள் விமானம் புறப்படுவதற்கும் ஒரே ஓடுபாதையில் கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி வழங்கியது. பனியினூடே கீழிருந்த விமானத்தின் விளக்கைக் கண்ட ஃபெடெக்ஸ் துணை விமானி, மேலெழுமாறு குரல் கொடுத்தார். தலைமை விமானி மறுகணமே விமானத்தை உயர்த்தினார். இரு விமானங்களுக்கும் இடையே எஞ்சியது 200 அடிக்கும் குறைவான இடைவெளி. 131 உயிர்கள் தப்பின.

ரவுண்ட் ராக்கில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குச் சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் பயணம் தொடங்கும் விமான நிலையம் இதுதான். ஆயினும் அந்நிகழ்ச்சி எத்தனை தமிழ் இல்லங்களில் இன்று நினைவில் இருக்கிறது? யாரும் இறக்காத விபத்து யாருக்கும் செய்தியன்று!

2025ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 வீழ்ந்து 260 பேர் மாண்டபோது நிலைமை வேறு. அனைவரும் பேசினர். ஆனால் பேசியது எதை? ஒரு மாதத்தில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் விசைகள் அணைநிலைக்கு மாறியதைக் கூறியது. ஏன் அணைத்தீர் என்று ஒரு விமானி கேட்டதையும், தாம் அணைக்கவில்லை என்று மற்றவர் கூறியதையும் பதிவு செய்தது. அதற்குமேல் எவர்மீதும் அது முடிவு கூறவில்லை. எனினும் இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், வாட்ஸ்அப் குழுக்கள் தீர்ப்பெழுதி முடித்தன. மறுமொழி கூற இயலாத இறந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அதனால் அடுத்த விமானம் பாதுகாப்பாகிவிடுமா?

யார் என்பதல்ல, ஏன் என்பதே கேள்வி

இந்தக் கேள்வியை முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பிவரும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று அமெரிக்காவிலேயே உள்ளது. 1947இல் தொடங்கப்பட்ட ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்பது அதன் பெயர். நிறுவியவர் ஜெரோம் லெடரர் என்னும் பொறியாளர். 1927இல் சார்லஸ் லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே கடக்கும் முன் அவரது விமானத்தைப் பார்வையிட்டவர். அப்போலோ தீவிபத்துக்குப் பின் நாசாவின் மனித விண்பயணப் பாதுகாப்புப் பணிக்கு அழைக்கப்பட்டவரும் அவரே. சட்டமியற்றும் அதிகாரமோ, தண்டிக்கும் அதிகாரமோ இவ்வமைப்புக்கு இல்லை. விபத்துகளின் காரணங்களைத் தொகுப்பது, போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் அமர்த்துவது, கற்ற பாடத்தை உலகெங்கும் பரப்புவது ஆகியவையே இதன் பணி.

அதன் பயன் யாது என்று கேட்போர் மங்களூரை எண்ணிப் பார்க்கட்டும். 2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் இறந்தனர். அங்கும் துணை விமானி மேலெழுமாறு கூறினார், ஒருமுறையல்ல, மும்முறை. தலைமை விமானி கேட்கவில்லை. ஆஸ்டினில் கேட்கப்பட்ட குரல் மங்களூரில் கேட்கப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே!

தலைமை விமானி தீயவர் என்று கூறிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் உண்மை அதைவிடக் கசப்பானது. உயரமும் வேகமும் சீர்படாத நிலையில் தரையை நெருங்கும் விமானங்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே மீண்டும் மேலெழுகின்றன என்று ஃபவுண்டேஷன் 2017இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. ஏனைய 97 விழுக்காட்டு விமானிகளும் தீயவர்களா? அல்லர். மேலெழுந்தால் விளக்கம் கேட்பார்கள் என்ற அச்சமும், மூத்தவரைத் திருத்தத் தயங்கும் பழக்கமும் மனித இயல்புகள். ஆகவேதான் மேலெழுந்த விமானியை ஒருபோதும் தண்டிக்கலாகாது என்று இவ்வமைப்பு வலியுறுத்துகிறது.

அச்சம் உண்மையைப் புதைக்கும் என்பதற்கு 1974 சான்று. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் வாஷிங்டனை நெருங்கிய டிடபிள்யூஏ 514 மலையில் மோதி 92 பேர் இறந்தனர். ஆறு வாரங்களுக்கு முன் அதே இடத்தில் அதே தவற்றிலிருந்து யுனைடெட் விமானம் ஒன்று மயிரிழையில் தப்பியிருந்தது. அச்செய்தி அந்நிறுவனத்தின் சுவர்களைத் தாண்டவில்லை. அதன்பின் 1976இல், தவற்றைத் தாமே முன்வந்து அறிவிப்போரின் பெயரைக் காக்கும் அறிவிப்பு முறையை நாசா தொடங்கியது.

அலுவலகத்தில் ஒரு நீதி, அலைபேசியில் ஒரு நீதியா?

டெல் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ள ஊர் ரவுண்ட் ராக். இங்குள்ள தமிழரில் மென்பொருள் வல்லுநர் பலர். சர்வர் விழுந்தால் அவர்கள் யாரையும் கழுவேற்றுவதில்லை. பிழை எங்கே நுழைந்தது, சோதனையில் ஏன் தப்பியது என்று மூலகாரணம் ஆராய்கின்றனர். பகலில் அலுவலகத்தில் இந்த அறிவைப் பேணுவோர், இரவில் ஆதாரமற்ற பழியை ஐம்பது பேருக்கு அனுப்புவது என்ன நியாயம்?

குற்றம் செய்தவர் தப்பலாமா என்று சிலர் கேட்பர். தப்பக்கூடாது. வேண்டுமென்றே செய்த செயலுக்கும் அப்பட்டமான அலட்சியத்துக்கும் 2006இல் ஃபவுண்டேஷன் பிற அமைப்புகளுடன் வெளியிட்ட கூட்டறிக்கையும் விலக்களிக்கவில்லை. விமான நிறுவனங்களையே உறுப்பினராகக் கொண்ட அமைப்பு அவற்றை எதிர்த்துப் பேசுமா என்று வேறு சிலர் ஐயுறுவர். நியாயமான ஐயம். அதனால்தான் பொதுமக்களின் குரலும் தேவைப்படுகிறது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் 3407 வீழ்ந்து 50 பேர் இறந்தனர். அவர்களின் உறவினர் அழுது ஓயவில்லை. வாஷிங்டன் படிகளில் மீண்டும் மீண்டும் ஏறினர். விமானிகளின் பயிற்சியையும் ஓய்வையும் கடுமையாக்கும் சட்டம் 2010இல் நிறைவேறியது. இந்தியாவிலும் சேஃப்டி மேட்டர்ஸ் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு, அகமதாபாத் விபத்துக்குச் சுதந்திரமான விசாரணை வேண்டி 2025இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அதற்குத் துணை நின்ற அயலகத் தமிழ்ச் சங்கங்கள் எத்தனை?

செய்ய வேண்டியவை

விபத்துக்குப்பின் நிதி திரட்டுவதில் தமிழ்ச் சங்கங்கள் குறை வைப்பதில்லை. விபத்துக்கு முன்னும் அக்கறை வேண்டும். ஆஸ்டின் நிகழ்ச்சியை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கட்டுப்பாட்டாளரின் தவறான கணிப்போடு நின்றுவிடவில்லை. ஓடுபாதை ஆபத்தை நேரடியாக விமானி அறையிலேயே எச்சரிக்கும் கருவி கட்டாயமாக்கப்படாததையும் 2024இல் சுட்டிக்காட்டியது. இக்கருவியை வலியுறுத்தித் தம் காங்கிரஸ் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுத ரவுண்ட் ராக் வாக்காளருக்குப் பத்து நிமிடம் போதும். பொறியியல் பயிலும் இளைஞர், நாசா பொதுவில் வைத்துள்ள விமானிகளின் அறிக்கைகளைப் படித்தால், பாடநூல் கற்பிக்காத பொறியியலைக் கற்கலாம்.

பெற்றோருக்கு இன்னும் ஒன்று உண்டு. குறைந்த மதிப்பெண்ணைக் காட்ட அஞ்சும் பிள்ளை வளரும் வீட்டில், பெரிய தவறும் மறைக்கப்படும். மூத்தவரின் பிழையைச் சுட்டினால் வாயடைக்கப்படும் பிள்ளை, நாளை விமானி அறையிலும் அறுவை அரங்கிலும் வாய்மூடியே இருக்கும். துணை விமானியின் குரல் வீட்டுக் கூடத்தில்தான் பிறக்கிறது.

அடுத்த விபத்துச் செய்தி வரும்போது, அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் விரல் நிற்கட்டும். "யார்?" என்ற கேள்வி அங்கே இறக்கட்டும். "ஏன்?" என்ற கேள்வி பிறக்கட்டும்!