பத்து ரூபாய்க்கு ஒரு பீமாயணம் எங்கே?

'பீமாயணம்' நூலில் சாதி இந்துக்கள் வாய் திறக்கும்போதெல்லாம் அவர்களின் பேச்சுக் குமிழுக்குத் தேள் கொடுக்கு முளைக்கிறது. அந்தக் கொடுக்கை வாங்குகிறவர்கள் பேசினால் குமிழ் பறவையாகிவிடுகிறது. மனதுக்குள் நினைப்பதைக் காட்ட ஒரு கண் வரைந்த குமிழ். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்களின் கைவேலை இது. நூல் வந்தது 2011-இல். இப்போதுதான் மறுபடி எடுத்து முழுசாகப் படித்தேன். அந்தக் கொடுக்கு இன்னும் என்னை விடவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் சிரித்த முகத்தோடு, "தம்பிக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு வால் வரைந்தால் எப்படி இருக்கும்? அதன் விஷத்தை உரைநடையில் விளக்க ஒரு பத்தி வேண்டும். படத்தில் ஒரு கோடு போதும்.

"படக்கதையில்கூடவா சாதியைத் தேடுவீர்கள்?" என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நாம் தேடிக்கொண்டு போகவில்லை. அது ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அமர் சித்திரக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் அனந்த் பாய் தொடங்கியது. தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றில் கிரேக்கக் கடவுள்களைத் தெரிந்த பிள்ளைகளுக்கு ராமனின் தாய் பெயர் தெரியவில்லை, அந்த வருத்தத்தில் பிறந்ததே இந்த வரிசை என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நல்லது. பிள்ளைகள் கோசலையின் பெயரைக் கற்றுக்கொண்டார்கள். கூடவே வேறொன்றையும் கற்றுக்கொண்டார்கள். தேவர் என்றால் வெளுத்த தோல், கூர்மையான மூக்கு. அசுரர் என்றால் கறுத்த உடம்பு, பிதுங்கிய கண், வெளியே நீட்டிய பல். பெயரே கறுப்பு என்று பொருள்படும் கிருஷ்ணனுக்கு நீலம் பூசத் தெரிந்த தூரிகை, அசுரனிடம் வரும்போது மட்டும் கறுப்பைத் தாராளமாக அள்ளிக்கொள்கிறது. நீலம் பூசுவது பழைய வழக்கம்தான், அதை அனந்த் பாய் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த வழக்கத்தைப் பள்ளிக்கூடப் பைக்குள் கொண்டுவந்து வைத்தது இந்த வரிசை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் படம் புரியும். அந்த வயதில் உள்ளே போனது எளிதில் வெளியே வராது.

அந்த வரிசையில் அம்பேத்கரும் உண்டு. 1979-இல் வந்தார், வரிசை தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து. 1927 டிசம்பர் 25 அன்று மகத் நகரில் மனுஸ்மிருதியைக் கொளுத்திய மனிதரை, அதே புராணங்களைப் புனிதமாக விற்கும் அடுக்கில், மகான்களோடு இன்னொரு மகானாக உட்கார வைப்பது எப்பேர்ப்பட்ட சாமர்த்தியம்! தடை செய்ய வேண்டியதில்லை. சேர்த்துக்கொண்டாலே போதும்.

சுப்பாண்டியை மறந்துவிடாதீர்கள். 'டிங்கிள்' இதழில் 1983-இல் அறிமுகமானவன், தமிழ் நாட்டுப்புறக் கதையிலிருந்து போனவன். வேலைக்காரப் பையன். முதலாளி ஒன்று சொன்னால் அதை அப்படியே எழுத்துப் பிசகாமல் செய்து கெடுப்பான். நாற்பது ஆண்டாக இந்திய நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் ஒரு வேலைக்காரனின் முட்டாள்தனத்தைப் பார்த்துச் சிரித்து வளர்ந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு சந்தேகம்: சுப்பாண்டி முட்டாளே இல்லை. சொன்னதை மட்டும், சொன்னபடி மட்டும் செய்து முதலாளியின் வீட்டைக் குட்டிச்சுவராக்குவது பண்ணையாட்களுக்குத் தெரிந்த பழைய போர்முறை. அந்தச் சுப்பாண்டியை இன்னும் யாரும் வரையவில்லை.

'இது கலை, இதில் அரசியல் பேசாதீர்கள்' என்ற வாதத்தை 2012-இல் நாடே கேட்டது. 1949-இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம் பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் இருந்தது. நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். உடனே அறிஞர்கள் கூடி, தலித்துகளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை, சாட்டை நத்தைக்குத்தான், அம்பேத்கருக்கு அல்ல என்று பாடம் எடுத்தார்கள். சாட்டை பட்டு வளர்ந்த முதுகுக்கும் சாட்டையை ஓங்கி வளர்ந்த கைக்கும் ஒரே படம் ஒரே மாதிரி தெரியாது என்பது அந்த அறிஞர்களுக்கு உறைக்கவில்லை. பிறகு 2019-இல் உன்னமதி சியாம் சுந்தர், 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் அம்பேத்கரைக் கேலி செய்து வந்த சித்திரங்களைத் தோண்டியெடுத்து 'நோ லாஃபிங் மேட்டர்' என்று புத்தகமாக்கினார். புரட்டிப் பாருங்கள். ஆஜானுபாகுவான அந்த மனிதர் பக்கத்துக்குப் பக்கம் குள்ளமாக, சிறுபிள்ளையாக, முரண்டு பிடிப்பவராக நிற்கிறார். காந்தியும் நேருவும் அவர் தலைக்கு மேல் உயர்ந்திருக்கிறார்கள். ஒரு படத்தைப் பார்த்தால் நகைச்சுவை என்று விட்டுவிடலாம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வரிசையாகப் பார்த்தால் அதற்குப் பெயர் வேறு.

இவ்வளவு சரக்கு எதிர்ப்பக்கம் குவிந்திருக்க, நம் பக்கம் என்ன இருக்கிறது?

பீமாயணம் இருக்கிறது. அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. 1901-இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பத்து வயதுச் சிறுவன், மகர் என்று சொன்னதும் முகம் மாறும் நிலைய அதிகாரி, இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டும் வண்டியில் ஏறாமல் பக்கத்தில் நடந்து வரும் வண்டிக்காரர், வண்டியைத் தாங்களே ஓட்டும் பிள்ளைகள், இரவு முழுக்கக் கிடைக்காத குடிநீர். இந்தக் கதையை, இன்றைய நகரத்துப் பேருந்து நிறுத்தத்தில் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் புலம்பும் ஒருவனுக்கு ஒரு பெண் சொல்கிறாள். நடுநடுவே கயர்லாஞ்சி உட்பட நம் காலத்துச் செய்திகள். ஓவியர்கள் பெட்டி போட மறுத்துவிட்டார்கள். ஆட்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதனால் கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் போடும் திக்னா கோலங்கள் வளைந்து வளைந்து பக்கத்தைப் பிரிக்கின்றன. ஊர் என்றும் சேரி என்றும் நிலத்தையே பெட்டி போட்டு வைத்திருக்கும் நாட்டில் இதைவிடக் கூர்மையான அரசியல் ஓவியம் எது?

அந்தத் தண்ணீர்ப் பகுதியைப் படிக்கும்போது வேங்கைவயல் நினைவுக்கு வராத தமிழ் வாசகர் இருக்க முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 1901-இல் தண்ணீர் தர மறுத்தார்கள். 121 ஆண்டு கழித்து நடந்தது இது. இந்த இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்க ஒரு ஓவியர் வேண்டும்.

ஜோதிராவ் பூலேயின் 'குலாம்கிரி'யைப் படக்கதையாக்கிய 'எ கார்டனர் இன் த வேஸ்ட்லேண்ட்' இருக்கிறது. ஸ்ரீவித்யா நடராஜன் எழுத்து, அபர்ணா நினன் அல்ல, அபராஜிதா நினன் ஓவியம் (இந்தப் பெயரை இணையத்தில் பலரும் மாற்றி எழுதுகிறார்கள் என்றில்லை, என் நாக்கே புரள்கிறது). பூலே 1873-இலேயே தசாவதாரத்தைத் தலைகீழாகப் புரட்டி, வாமனனை வஞ்சகன் என்றும் பலியை நீதியுள்ள அரசன் என்றும் எழுதிவிட்டார். அமர் சித்திரக் கதைக்கான பதில், அது பிறப்பதற்கு 94 ஆண்டு முன்பே தயாராக இருந்தது. இங்கே பெரியார் ராமாயணத்துக்கு அதையே செய்தார். எம்.ஆர். ராதா அதை மேடையில் ஏற்றினார். படமாக வரையத்தான் ஆளில்லை.

இரண்டு நூல்களும் அருமை. ஆனால் இரண்டிலும் எழுதியவர்கள் தலித்துகள் அல்லர் என்பதைச் சொல்லாமல் நகர முடியாது. பீமாயணத்தை வரைந்தவர்கள் பழங்குடிகள் என்பது ஆறுதல். அதைவிட என்னை உறுத்துவது விலை. 1978-இல் வில் ஐஸ்னரின் புத்தகத்துக்குப் பிறகு 'கிராஃபிக் நாவல்' என்ற பெயர் பரவியது. காமிக்ஸ் என்றால் பையன்கள் சமாச்சாரம், கிராஃபிக் நாவல் என்றால் இலக்கியம். படக்கதைக்குள்ளேயே ஒரு வர்ணம் பிரித்துவிட்டார்கள். அந்தப் பெயரோடு வழவழப்பான தாளும், ஆங்கிலமும், ஒரு விவசாயக் கூலியின் ஒருநாள் சம்பளத்தைத் தொடும் விலையும் சேர்ந்து வருகின்றன. பீமாயணம் தமிழிலும் வந்தது. எத்தனை அம்பேத்கர் படிப்பகங்களில் ஒரு பிரதி இருக்கிறது?

ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' பற்றி நம் தோழர்கள் நிறையப் பேசுவார்கள். யூதர்கள் எலிகள், நாஜிகள் பூனைகள், 1992-இல் புலிட்சர் பரிசு, 2022-இல் டென்னசி மாநிலத்தின் மெக்மின் மாவட்டப் பள்ளிகளில் நீக்கம். எல்லாம் சரி. யாரும் பேசாத இடம் ஒன்று உண்டு. ஆஷ்விட்ஸில் பிழைத்து வந்த அப்பா விளாடெக், அமெரிக்காவில் மருமகள் ஒரு கறுப்பினத்தவரைக் காரில் ஏற்றிக்கொண்டதற்குக் குமுறுகிறார். மருமகள் கொதித்துப்போகிறாள், உங்களை நாஜிகள் பேசியதைப் போலவே நீங்கள் பேசுகிறீர்களே என்று. அவர் அசைவதில்லை. தன் சொந்தத் தகப்பனை ஸ்பீகல்மன் இப்படி வரைந்து வைத்தார். படிநிலைச் சாதியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? மேலே பார்த்துச் சமத்துவம் பேசிக் கீழே பார்த்து மீசையை முறுக்கும் நம்மூர் இடைநிலைச் சாதி வீரர்களின் வாழ்க்கை வரலாற்றை எந்த மகன் இப்படி வரைவான்?

எனக்கு வேண்டிய முன்மாதிரி இவை எதுவுமில்லை. அது 1957 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த, பதினாறே பக்கமுள்ள ஒரு காமிக்ஸ். 'மார்ட்டின் லூதர் கிங்கும் மாண்ட்கோமரி கதையும்.' விலை பத்து சென்ட். இரண்டரை லட்சம் பிரதிகள் அச்சிட்டு தேவாலயங்கள், பள்ளிகள், இயக்கங்கள் வழியாகக் கொடுத்தார்கள். பேருந்துப் புறக்கணிப்பின் கதையைச் சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கங்களில் அதை நீங்களும் எப்படிச் செய்யலாம் என்று வழிமுறையும் சொன்னது. ஓவியம் சுமார்தான். ஆனால் அதைக் கையில் வைத்துப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். 1956-இல் பதினாறு வயதில் நூலகத்துக்குப் போய், இது வெள்ளையருக்கு மட்டும் என்று உறுப்பினர் அட்டை மறுக்கப்பட்டவர். 1965-இல் செல்மா பாலத்தில் மண்டை உடைபட்டவர். பிறகு நாடாளுமன்ற உறுப்பினர். அந்தப் பத்து சென்ட் புத்தகத்தை நினைவில் வைத்துத்தான் தன் வாழ்க்கையை 'மார்ச்' என்று மூன்று தொகுதிப் படக்கதையாக்கினார். மூன்றாம் தொகுதிக்கு 2016-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. நாம் 'மார்ச்' படித்துப் புல்லரிக்கிறோம். அந்தப் பத்து சென்ட்டைக் கவனிப்பதில்லை.

தமிழுக்கு இது புதிதுமல்ல. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து புறப்பட்டபோது சில்லறைக் காசுக்குக் கிடைத்தது, வாடகை நூல் நிலையங்களில் அட்டை கிழியக் கிழியச் சுற்றியது. வெள்ளைக்காரரான டெக்ஸ் வில்லர் நவஹோ பழங்குடிகளுக்குத் தலைவராகி 'இரவுக் கழுகு' ஆனதை நாம் கேள்வியே கேட்காமல் கொண்டாடினோம். (எனக்கு டெக்ஸை இன்றும் பிடிக்கும், அது வேறு கதை.) அச்சகம் நம்மிடம், வாசகர் நம்மிடம். சாமி காலண்டர் அடிக்கும் அதே இயந்திரம் சாவித்திரிபாயையும் அடிக்கும்.

இன்ஸ்டாகிராமில் நம் பிள்ளைகள் அற்புதமாக வரைகிறார்கள், பார்க்கிறேன். தட்டினால் அடுத்த நொடி போய்விடுகிறது. தாளில் வந்தால் டீக்கடை பெஞ்சில் கிடக்கும், இரவுப் பாடசாலையில் கைமாறும், அதைப் பிடுங்கிக் கிழிக்க யாராவது வந்தால் அதுவும் ஊரில் பேச்சாகும்.

வரையத் தெரிந்த தோழர்களுக்கு ஒரு கதை தருகிறேன். மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி. 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. 2006 வரை முறையான தலைவர் இல்லை. வேட்பாளர் வரவில்லை, அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். முதல் பெட்டியில் பதவியேற்பு, இரண்டாம் பெட்டியில் ராஜினாமாக் கடிதம். மூன்றாம் பெட்டியில் மறுபடி தேர்தல் அறிவிப்பு, நான்காம் பெட்டியில் மறுபடி ராஜினாமா. சுற்றி நிற்பவர்களின் பேச்சுக் குமிழ்களுக்குக் கொடுக்கு போட மறக்காதீர்கள். பதினாறு பக்கம், கறுப்பு வெள்ளை, செய்தித்தாள் காகிதம், நடுவில் இரண்டு பின். அட்டையில் விலையைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: 10 ரூபாய்.