சொப்பனமும் ஜீவனமும்

நெஞ்சில் எழுந்த கனவு ஒன்றையே தொழிலாகக் கொள்ள வேண்டும், அதற்கு இடையூறான உத்தியோகத்தை உதறிவிட வேண்டும், அப்படிச் செய்தவனைப் பொருளும் புகழும் தாமே தேடி வரும் என்கிற சித்தாந்தம் இன்று கல்லூரி விழாப் பிரசங்கங்களில் வேதவாக்காகிவிட்டது. கனவின் மகிமையை நான் மறுக்க வரவில்லை. அதன் பெயரால் வாரி வழங்கப்படும் வாக்குறுதிகளையே மறுக்கிறேன். அதற்கான சாட்சிகள் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு அருகிலேயே இருக்கின்றன.

பொருள் தேடி வரும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற தகப்பனார் சொக்கலிங்கம் பிள்ளையோடு 1918-ல் திருநெல்வேலிக்கு வந்து, வண்ணார்பேட்டையில் வளர்ந்து, இந்துக் கல்லூரியில் 1931-ல் பி.ஏ. முடித்த விருத்தாசலம், உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்கு வழக்கமாக விதிக்கப்பட்ட பாதையை விட்டு, எழுத்தை நம்பிச் சென்னைக்குப் போய்ப் புதுமைப்பித்தன் ஆனார். ‘மணிக்கொடி’யில் எழுதினார், ‘தினமணி’யில் உதவியாசிரியராக உழைத்தார், பிறகு சினிமாவை நாடினார், க்ஷயரோகத்துக்கு ஆளாகி, 1948 ஜூன் 30-ம் தேதி, 42-வது வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார். அவர் எழுத்தைச் சர்க்கார் நாட்டுடைமையாக்கியது 2002-ல். கௌரவம் தேடி வந்தது மெய்தான், ஆனால் ஆள் போய் 54 வருஷம் கழித்து.

‘பார்த்தாயா!’ என்று இதைக் காட்டிப் பிள்ளையைப் பரீட்சைக்கு இழுத்துப் போகும் தகப்பனாருக்கும் நான் வக்கீல் அல்ல. கனவு புதுமைப்பித்தனுக்குச் சோறு போடவில்லையே தவிர, வயிற்றுப்பாட்டின் நெருக்கடிக்கும் பத்திரிகை அவசரத்துக்கும் நடுவே எழுதினாலும் கதை என்பது இந்தத் தரத்துக்குக் குறையலாகாது என்னும் அளவுகோலை அதுதான் அவர் கையில் கொடுத்தது. பதினைந்து வருஷத்துக்குள் அவர் எழுதிய ஏறக்குறைய நூறு கதைகளில் பலவும் இன்றும் வாசிக்கத் தக்கனவாயிருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கனவு ஒன்றே, அதுவும் மாறாதது என்பது அடுத்தது. மாணவரிடமெல்லாம் கனவு காணச் சொன்ன அப்துல் கலாமின் சொந்தக் கனவு விமானப்படையில் விமானி ஆவது. எட்டுப் பேருக்கு இடமிருந்த தேர்வில் அவர் ஒன்பதாவது. கை நழுவிய கனவை நினைத்துக்கொண்டே நிற்காமல் பாதுகாப்பு அமைச்சகத்து விஞ்ஞான வேலையில் சேர்ந்தார். மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும்.

உத்தியோகம் கனவுக்குச் சத்துரு என்பதுதான் இவற்றுள் மிகவும் பொல்லாத வாதம். ஏனெனில் சம்பளத்துக்காகப் போகும் ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் அது கனவற்றவர்கள் என்று ஒதுக்கிவிடுகிறது. வண்ணார்பேட்டையிலிருந்து திருநெல்வேலி நகரத்துக்குப் போகிறவர்கள் தாமிரபரணியைத் தாண்டும் பாலம், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொண்டு கட்டுவித்தது; 1843-ல் திறக்கப்பட்டது. கும்பினி சர்க்காரின் கோப்புகளோடு காலம் கழித்த ஓர் அதிகாரி, ஜனங்கள் தோணியை எதிர்பார்த்துக் கரையில் காத்துக் கிடந்த ஆற்றின் மேல் பதினொரு வளைவுகளை எழுப்ப நினைத்தது கனவல்ல என்றால் வேறு எதுவோ! அந்தக் கனவுக்காக அவர் உத்தியோகத்தை ராஜினாமா செய்திருந்தால், கச்சேரியில் ஒரு நாற்காலி காலியாகியிருக்கும். ஜனங்கள் தோணித்துறையிலேயே காத்திருந்திருப்பார்கள்.