மக்காச்சோளம்: விதையோடு குருணை மருந்து போடலாமா?

அவிநாசி அருகே கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: சென்ற ஆடிப் பட்டத்தில் முளைத்த பயிரில் பத்துக்கு மூன்று, பதினைந்து இருபது நாளுக்குள் காய்ந்து போயின. "இந்த முறை விதை போடும்போதே குருணை மருந்தையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், அப்புறம் கவலை இல்லை" என்கிறார்கள் மருந்துக் கடையில். விதை ஊன்றுவது அவருடைய மனைவியும் அம்மாவும். வீட்டில் கோழி, ஆடு உண்டு. மருந்து போடலாமா?

பதில்:

இரண்டு அடி பாருக்கு முக்கால் அடிக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 60-க்கு 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 26,600 பயிர் நிற்கும். பத்துக்கு மூன்று போனால் எட்டாயிரம் பயிர் போனதாகக் கணக்கு. வேலைக்கு ஆட்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விடும் ஊரில், ஒரே தடவையில் முடிகிற வழியைத் தேடுவது இயல்புதான். ஆனால் எந்தப் பூச்சி என்று தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பயிர் காய்ந்த விதமே பூச்சியைக் காட்டிக்கொடுக்கும்.

நடுக்குருத்து மட்டும் காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அது குருத்து ஈ. அடியில் அழுகல் நாற்றம் வரும், பிளந்தால் சிறு புழு தெரியும். பயிர் தரை மட்டத்தில் அறுபட்டுச் சாய்ந்து கிடந்தால் வெட்டுப்புழு. பகலில் பயிரின் அடி மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும். செடி முழுவதும் வாடி, பிடுங்கினால் வேரே இல்லாமல் வந்தால் வேர்ப்புழு. வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக வளைந்து கிடக்கும். வேரிலும் தண்டிலும் மண் அப்பியிருந்தால் கரையான். இவை எதுவும் இல்லாமல் வேர் கறுத்து அழுகியிருந்தால் அது தண்ணீர் தேங்கியதாலோ பூஞ்சணத்தாலோ வந்தது. அதற்குப் பூச்சி மருந்து போடுவது வீண் செலவு.

எனவே விதைப்புக்கு முன் வயலில் பத்து இடங்களில், ஓர் அடி சதுரத்தில் அரை அடி ஆழம் தோண்டிப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு காலை நேரம் போதும். புழுவோ கரையானோ கண்ணில் படாவிட்டால் மண்ணில் மருந்து போட வேண்டியதே இல்லை.

குருணை மருந்துக்கு வருவோம். நம் பக்கம் பல காலமாகப் போட்டுவந்த போரேட் குருணை 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு என்று யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அது சிவப்பு முக்கோண மருந்து. கையில் பட்டாலே தோல் வழியாக உடம்பில் ஏறும். விதை ஊன்றும் பெண்கள் குனிந்தபடி வெறுங்கையால் அள்ளிப் போடுகிற வேலைக்கு அது சற்றும் பொருந்தாது. அமெரிக்காவில் மக்காச்சோளம் விதைக்கும்போதே மண்ணில் மருந்து போடுவதற்கு முக்கியக் காரணமான வேர் வண்டு நம் நாட்டில் இல்லை. அதனால் அங்கே செய்வதை இங்கே அப்படியே செய்யத் தேவையில்லை.

குருத்து ஈயும் படைப்புழுவும்தான் பிரச்சினை என்றால் விதை நேர்த்தியே போதும். படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் சூறையாடியது. அதன் பிறகு வீரிய விதைகள் பல, மருந்து பூசப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. தையாமீத்தாக்சம் தனியாகவோ, சயன்ட்ரானிலிப்ரோலுடன் சேர்த்தோ பூசியிருப்பார்கள். விதை சிவப்பாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். ஆனால் சில விதைகளில் பூஞ்சண மருந்து மட்டும் பூசியிருப்பார்கள், நிறம் ஒன்றுபோல் இருக்கும். பையில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்து, மருந்தின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பூச்சி மருந்து ஏற்கெனவே பூசிய விதைக்கு மேல் மறுபடியும் மருந்து போடுவது பணத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு.

பூசாத விதையாக இருந்தால், மக்காச்சோளத்துக்கு என்று சீட்டில் அச்சிட்டிருக்கும் விதை நேர்த்தி மருந்தை, அதில் சொன்ன அளவில் மட்டும் கலந்து நிழலில் உலர்த்தலாம். மருந்து வேண்டாம் என்பவர்கள் கிலோ விதைக்கு 10 கிராம் பவேரியா பேசியானா கலக்கலாம். பூஞ்சண மருந்து பூசிய விதையில் பவேரியா பிழைக்காது, ஏனென்றால் அதுவும் ஒரு பூஞ்சணம்.

வேர்ப்புழு அதிகம் இருந்தால் விதை நேர்த்தியை மட்டும் நம்ப முடியாது. கோடை உழவை ஆழமாக ஓட்டினால் புழுவும், மண்ணுக்குள் இருக்கும் படைப்புழுக் கூடும் மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். மட்காத சாணத்தை வயலில் கொட்டக் கூடாது, வண்டு அதைத் தேடி வந்து முட்டையிடும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். மெட்டாரைசியத்தை மட்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் உள்ள மண்ணில் இடுவதும் பலன் தரும். கரையானுக்குப் பழைய தட்டையையும் கட்டைகளையும் பொறுக்கி அகற்றுவதே முதல் வேலை.

விதை நேர்த்தியின் காவல் ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம்தான். அதன் பிறகு குருத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி வருவது தெரிந்துவிடும். இலையில் பச்சையம் சுரண்டிய வெள்ளைத் திட்டு நூற்றுக்குப் பத்துச் செடிக்கு மேல் தெரிந்தால் மருந்து தெளிக்கலாம். இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சயன்ட்ரானிலிப்ரோல் பூசிய விதையைப் போட்டுவிட்டு, முதல் தெளிப்புக்குக் குளோரன்ட்ரானிலிப்ரோல் வாங்குகிறார்கள். இரண்டும் ஒரே வகை, திரும்பத் திரும்ப அடித்தால் புழு பழகிக்கொள்ளும். அத்தகைய வயலுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், அதாவது 10 லிட்டருக்கு 4 கிராம், காலையிலோ மாலையிலோ குருத்துக்குள் விழும்படி அடிக்கலாம்.

கேள்வி கேட்டவர் வீட்டில் கோழியும் ஆடும் இருப்பதால் கூடுதல் கவனம் வேண்டும். மருந்து பூசிய விதையைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஊன்றும்போது வெற்றிலை போடுவதோ, இடையில் கை கழுவாமல் சாப்பிடுவதோ கூடாது. விதை மேலே தெரியாமல் மண்ணால் மூட வேண்டும். மயிலும் புறாவும் அதைத்தான் பொறுக்கும், வீட்டுக் கோழியும் விடாது. மீந்த விதையைக் கழுவிக் கோழிக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கழுவினாலும் மருந்து முழுவதும் போகாது. கலைத்தெடுத்த இளம் பயிரை ஆட்டுக்குப் போடவும் கூடாது, மருந்து வேர் வழியாக இலைக்கும் ஏறியிருக்கும். தையாமீத்தாக்சத்தைத் தேனீக்களுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. ஆகவே தேவை இருந்தால் மட்டும் பயன்படுத்துவதே நல்லது. காலிப் பையில் தானியம் கட்டக் கூடாது, கிணற்று ஓரத்திலோ குட்டையிலோ கை கழுவவும் கூடாது.

யாருக்காவது வாந்தி, தலைசுற்றல், கண் மங்கல் வந்தால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். மருந்துச் சீட்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாங்கும் மருந்துக்கு ரசீது கேட்டு வாங்குவது நல்லது. சந்தேகம் இருந்தால் காய்ந்த பயிர் இரண்டை வேரோடு பிடுங்கி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டலாம். 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை. இந்தப் பட்டத்துக்கு அவர் முதலில் எடுக்க வேண்டியது மண்வெட்டி. மருந்து வாங்குவதை மண்ணைத் தோண்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.