கண்ணாடி இழைப் படகைக் கழிவு செய்யுமுன்

கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு வார்க்கப்பட்ட படகு அழுகாது என்பது நம் கரையோர மக்களிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. அந்நம்பிக்கையில் பாதி மட்டுமே உண்மை என்பதைக் கள ஊழியர்களும் தொழிற்பள்ளி ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம். இழையும் பிசினும் அழுகுவதில்லை. அவற்றினுள் பொதிந்து வைத்த மரம் அழுகும். வெளியே பளபளக்கும் ஓட்டுக்குள்ளே தளப்பலகை நைந்து, அதனைத் தாங்கும் நெடுக்குச் சட்டங்கள் கைபட்டால் உதிரும் நிலையில் உள்ள படகுகளைக் கடலோரத்தில் மட்டுமன்றி நீர்த்தேக்கங்களின் கரையிலும் காணலாம்.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின்னர், சோழமண்டலக் கரையெங்கும் கட்டுமரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடி இழைப் படகுகள் பெருந்தொகையாக வந்து சேர்ந்தன. உதவ முன்வந்தோர் பலர், கட்டியோரும் பலர். அவசரத்திற் கட்டப்பட்டமையால் தரம் ஒரே சீராக அமையவில்லை. அவற்றுள் எஞ்சியிருப்பவை இன்று இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. துறைகளுக்குச் சொந்தமான ரோந்துப் படகுகள், வெள்ள மீட்புப் படகுகள் ஆகியவற்றிலும் முதுமை எய்தியவை பல. இவற்றைப் பற்றி ஒவ்வோர் அலுவலகத்திலும் எழும் வினா ஒன்றே: பழுது பார்ப்பதா, கழிவு செய்வதா? தளப்பலகையைத் திறந்து பாராமல் இவ்விரண்டில் எதனையும் முடிவு செய்தலாகாது என்பதே என் கருத்து. திறவாமற் கழிவு செய்வது பொருள் விரயம். திறவாமற் பழுது பார்ப்பது அதனினும் தீது. அதில் உயிருக்கே ஆபத்து உண்டு.

நெடுக்குச் சட்டம் செய்யும் வேலை யாது என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். கண்ணாடி இழை ஓடு வலிமை மிக்கது. ஆயினும் வளையும் இயல்புடையது. மரப்படகில் வங்குகளும் ஏராவும் தரும் விறைப்பை, இவ்வகைப் படகில் அடியோட்டின் மேல் அணியத்திலிருந்து பின்பலகை வரை ஓடும் இரண்டு அல்லது நான்கு சட்டங்கள் தருகின்றன. ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஓர் அடிக்கோலைப் படுக்கையாக இரு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் அழுத்தினால் அது தாழும்; அதே கோலைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால் அசையாது. சட்டத்தின் உயரம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது பொறியியலின் தொடக்கப் பாடம். மரம் அழுகிச் சட்டம் சரிந்தால் உயரம் குறைகிறது. உயரம் குறைந்தால் விறைப்பு அதனினும் பன்மடங்கு குறைகிறது. பிறகு ஒவ்வோர் அலையிலும் அடியோடு உள்வாங்கி வெளித்தள்ளும். இவ்வாறு பல்லாயிரம் முறை வளைந்த ஓட்டில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன. தளம் மிதிக்கும்போது சற்றே ‘பொதபொத’வென்று இருக்கிறது என்று படகோட்டி சொல்லும் வார்த்தையை அலட்சியம் செய்தலாகாது. அடியில் நிகழ்வதை அறிவிக்கும் முதற்செய்தி அதுவே.

இனி, நீர் எவ்வாறு உட்புகுகிறது? பெரும்பாலும் அது கடலிலிருந்து வருவதில்லை. தளத்தில் அடித்த ஒவ்வொரு திருகாணியும் ஒரு வாயில். இருக்கை, நங்கூரக் கட்டை, எரிபொருட் கலத்தின் பட்டை ஆகியவற்றைப் பொருத்தப் போட்ட துளைகளில் பிசின் பூசாது விட்டால், அவற்றின் வழியே மரம் நீரை உறிஞ்சும். நீர் வடிவதற்கென்று சட்டத்தில் குடைந்த துளைகளின் உட்புறமும் பெரும்பாலும் பூசப்படாமலே விடப்படுகிறது. வியப்பு யாதெனில், உப்புநீரைக் காட்டிலும் மழைநீரே இங்குப் பெரும் பகை. மரத்தை அழுக்கும் பூஞ்சணங்களின் வளர்ச்சியை உப்பு தடுக்கிறது, நன்னீர் தடுப்பதில்லை. நாள்தோறும் கடலுக்குச் சென்றுவரும் படகைவிட, மூடாக்கின்றி மழையில் நனைந்து கரையிற் கிடக்கும் படகே விரைவில் கெடுகிறது. மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலமும் அதுவே. அந்த 61 நாளும் படகைச் சற்றே சாய்த்து வைத்து, அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி வைப்பதற்குக் காசு செலவில்லை. அதனைச் செய்வோர் சிலரே.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இத்துறைக் குறிப்புகளில் மரம் கெடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உலர் அழுகல்’ என்றாகும். அச்சொல்லைப் படிக்கும் தச்சர், மரம் காய்ந்ததால் கெட்டது என்று எண்ணக்கூடும். உண்மை அதற்கு நேர்மாறானது. மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 20 என்ற அளவுக்குக் கீழ் இருக்கும்வரை பூஞ்சணம் வளராது. கெட்ட மரம் பின்னர் உலர்ந்து கட்டங்கட்டமாகப் பிளந்து கிடப்பதைக் கண்டு வைத்த பெயர் அது. நம் வழக்கில் உள்ள ‘உளுத்தல்’ என்னும் சொல்லோ புழுப்பூச்சியை நினைவூட்டுகிறது. அதனைக் கேட்டுப் பூச்சி மருந்தைத் தேடுவோரும் உளர். ‘ஈர அழுகல்’ என்று எழுதுவதே படிப்பவரை நீரின் வழியைத் தேடச் செய்யும்.

மிகப் பரவலாக நடைபெறும் பழுதுபார்ப்பு எது என்று எல்லோருக்கும் தெரியும். நைந்த தளத்தின் மேல் புதிய ஒட்டுப்பலகை ஒன்றை விரித்து, திருகாணி அடித்து, மேலே ஒரு படலம் மேட்டும் ரெசினும் பூசி, வண்ணம் அடித்துவிடுவார்கள். இரண்டு நாள் வேலை. பார்வைக்குப் படகு புதியதாகத் தோன்றும். இதனைப் பழுதுபார்ப்பு என்று பட்டியலில் எழுதுவதே தகாது என்பேன். கீழே உள்ள ஈரம் வெளியேற வழியின்றி அடைபட்டது. புதிய திருகாணிகள் புதிய வாயில்களைத் திறந்தன. படகின் பாரமும் கூடிற்று. முன்பு கால் உணர்ந்த எச்சரிக்கையும் இப்போது மறைந்துபோயிற்று. முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தைக் கடக்கும்போது அச்சட்டங்கள் கைவிட்டால், மேற்பூச்சு யாரையும் காப்பாற்றாது.

தளத்தின் கீழ் மிதவைக்கென நிரப்பிய நுரையையும் மறத்தலாகாது. பாலியூரித்தேன் நுரை நீரை ஏற்காது என்று சொல்லி விற்கப்படினும், ஆண்டுக்கணக்கில் நீரில் ஊறினால் ஏற்கவே செய்கிறது. மிதக்கச் செய்ய வைத்த பொருளே படகைத் தாழ்த்தும் பாரமாகிவிடுகிறது. படகின் நீர்க்கோடு ஆண்டுதோறும் மேலேறி வருமாயின் நுரையை ஐயுறவேண்டும்.

சோதனை எளிது. மரச்சுத்தியின் பிடியால் தளத்தையும் சட்டத்தையும் நெடுகத் தட்டி வருக. நல்ல இடத்தில் கணீரென்ற ஒலி; கெட்ட இடத்தில் மந்தமான ஒலி. ஐயமுள்ள இடத்தில் 5 மில்லிமீட்டர் அளவில் துளையிட்டுத் துருவலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வெளிர்நிறமாய் உலர்ந்திருந்தால் நலம். கருத்து, நசநசத்து, முடைநாற்றம் வீசினால் திறக்கவேண்டியதே. எவ்வாறாயினும் அத்துளையைப் பிசினிட்டு அடைத்துவிடுதல் முக்கியம். சோதனைத் துளையே நோய்க்கு வாயிலான படகுகளும் உண்டு.

திறந்து சீர்செய்யும் முறையில் முதற்கடமை, கத்தியை எடுப்பதன்று, தாங்குகட்டைகளை வைப்பது. சட்டங்களை நீக்கியபின் ஓடு நெகிழும். அந்நிலையில் புதிய சட்டத்தை ஒட்டினால் கோணிய வடிவமே நிலைத்துவிடும். ஆகவே படகைச் சமதரையில் ஏற்றிப் பல இடங்களில் முட்டுக்கொடுத்து, குறுக்களவுகளைக் குறித்துக்கொண்ட பின்னரே அறுக்கவேண்டும். பக்கவாட்டில் ஐந்து செ.மீ. விளிம்பை, அது உறுதியாக இருந்தால், விட்டு அறுப்பது புதிய தளத்தை அமர்த்த உதவும். சட்டங்களை ஒரே நாளில் எல்லாம் பெயர்த்தெறியாமல் ஒவ்வொன்றாக மாற்றுவதே மேல். பழைய சட்டம் முழுதாக வரவில்லையெனில் அதன் மேல்விளிம்பின் உயரத்தைக் கயிறு கட்டிக் குறித்து அட்டையில் வடிவம் வெட்டிக்கொள்ளலாம்.

மரத்தைத் தெரிவு செய்வதில் ஒரு விவாதம் எப்போதும் எழும். தேக்கே சிறந்தது என்பார் தச்சர். வெளியிற் கிடக்கும் மரமாயின் அவர் சொல் சரி. ஆனால் தேக்கின் இயற்கை எண்ணெய் பிசின் பற்றுவதற்குத் தடை. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தர ஒட்டுப்பலகையை இரண்டாகச் சேர்த்து ஒட்டிச் சட்டமாக்குவது எளிது, மலிவுமாகும். கடல்தரம் என்பதால் எதுவும் பூசாமல் விடலாம் என்று கொள்ளுதல் தவறு. வெட்டிய ஓரங்கள் அனைத்தும் பிசினைக் குடித்து நிறையவேண்டும். சட்டத்தை ஓட்டின்மேல் நேராக உட்காரவைக்காமல் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுக் குழைத்த பிசினால் நிரப்புதல் வேண்டும். இல்லையேல் மரத்தின் கூர்விளிம்பு முட்டும் கோட்டில் ஓடு வெடிக்கும். மூலையையும் அதே குழையலால் விரல்நுனியளவு வளைவாக்கினாற்றான் இழை அங்கே மடங்காமற் படியும். இழைப் பட்டைகளைப் படிப்படியாக அகலம் மாற்றி, ஓரங்கள் ஒரே கோட்டில் முடியாதவாறு அடுக்குக.

புதிய பிசின் பழைய ஓட்டோடு கலந்து ஒன்றாவதில்லை, பற்றிக்கொள்கிறது, அவ்வளவே. ஆதலின் பழைய வண்ணமும் எண்ணெயும் போக, இழை தெரியும்வரை தேய்த்தல் இவ்வேலையின் உயிர்நாடி. எப்பாக்சிப் பிசின் மரத்தையும் பழைய ஓட்டையும் நன்கு பற்றும், விலை மிகுதி. பாலியெஸ்டரும் தேய்ப்பு நன்றாக இருந்தால் பயன் தரும். ஆனால் இறுகிய எப்பாக்சியின்மேல் பாலியெஸ்டர் நன்கு பற்றாது, இடையில் மாற்றலாகாது. சாதாரண மேட்டின் இழைகளைக் கட்டிவைக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில் கரைவது, எப்பாக்சியில் கரையாது. எப்பாக்சிக்கு நெய்த அல்லது தைத்த இழைத்துணியே ஏற்றது.

இங்கு ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். கொட்டகைகளில் கேட்டலிஸ்ட் என வழங்கும் பெராக்சைடையும், கோபால்ட் என வழங்கும் முடுக்கியையும் ஒருபோதும் நேராகக் கலக்கலாகாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்தபின், நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு என்ற அளவில் பெராக்சைடு சேர்ப்பதே முறை. பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூளுக்கு முகத்தில் கட்டிய துண்டு போதாது. வடிப்பான் உள்ள முகமூடி வேண்டும். மதிப்பீட்டில் முகமூடிக்கும் கண்ணாடிக்கும் பணம் ஒதுக்காத அலுவலர், அவற்றை வாங்கவேண்டாம் என்று உத்தரவிட்டவரே ஆவார்.

எல்லாப் படகையும் மீட்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஓட்டின் படலங்கள் விரிந்த பரப்பில் பிரிந்துபோனாலும், அடிப்பகுதி நிரந்தரமாகக் கோணியிருந்தாலும், பின்பலகையும் சட்டமும் தளமும் ஒருங்கே கெட்டு வேலைச்செலவு புதிய படகின் விலையை நெருங்கினாலும், கழிவு செய்வதே அறிவுடைமை. ஆனால் கழிவு செய்தால் அப்படகு எங்கே போகும்? இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. கரையில் போட்டு எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்குவதில்லை. ஐரோப்பாவில் கண்ணாடி இழைக் கழிவைத் துண்டாக்கிச் சிமென்ட் சூளைகளில் இடுகின்றனர். பழைய உல்லாசப் படகுகளைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டைப் பிரான்சு 2019இல் தொடங்கிற்று. நம் மீன்பிடிக் கரைகளிலோ அவை மணலில் கவிழ்ந்தே கிடக்கின்றன.

எனவே, அலுவலக நடைமுறையில் ஒரு மாற்றம் வேண்டும். தளத்தை மூடிவைத்தே மதிப்பீடு கேட்கும் வழக்கம் ஒழியவேண்டும். மூடிய தளத்தின் மேல் எழுதப்பட்ட மதிப்பீடு ஊகமேயன்றி வேறன்று. ஒப்பந்தக்காரரும் அந்த ஊகத்துக்குள் வேலையை அடக்கவே முயல்வார். திறந்து பார்ப்பதற்கு முதலில் ஒரு சிறு தொகையும், கண்டதை அளந்து எழுதியபின் முழுச் செலவுக்கு இரண்டாம் ஒப்புதலும் என இரு நிலையாகப் பிரித்தால் நேர்மையான கணக்குக் கிடைக்கும். திறந்த நிலையில் எடுத்த ஒளிப்படங்கள் கோப்பில் இருத்தல் வேண்டும். புதிய தளம் மூடப்படுமுன் கள ஊழியர் நேரிற் சென்று சட்டங்களைப் பார்த்துக் கையொப்பமிடவும் வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலம் இதற்கு வாய்ப்பானது. வெயிலில் மரமும் ஓடும் நன்கு உலரும். அக்காலத்தில் ஓடுகள் சூடேறியிருக்கும். கலக்கிய ரெசின் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். பந்தலிட்டு, காலை வேளையில், சிறுசிறு அளவாகக் கலக்கிப் பூசுவதே வசதி. தொழிற்பள்ளிகள் அருகிலுள்ள கரையில் கழிவுக்கென ஒதுக்கிய ஒரு படகைக் கேட்டுப் பெற்று, அதன் தளத்தை மாணவரைக் கொண்டே திறக்கச் செய்யலாம்.