வேலிக்கு அப்பால் ஓர் அயலவன்

சென்ற வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் பாடம் முடிந்து மணியடிக்கும் வேளையில் மாணவனொருவன் எழுந்து நின்றான். "ஐயா, அமெரிக்காவிலே வீட்டு முற்றத்துக்கே புலி வருகிறதாமே! அந்நாட்டாரிடம் துவக்குக்குக் குறைவில்லையே. ஏன் அதனைச் சுட்டுவிடாமல் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. ஆயினும், கேள்வி சிரிப்புக்குரியதன்று. மணியடித்துவிட்டபடியால் அன்று சொல்லாது விட்ட விடையை இவ்வாரப் பத்தியில் எழுதுகின்றேன். அவனோடு அவன் வீட்டாரும் படிப்பார்களாக.

முதலில் ஒரு சிறு திருத்தம். அவன் புலியென்று கூறிய விலங்கு புலியன்று, பூமா. கூகர் என்றும், மலைச் சிங்கம் என்றும் அதனையே அழைப்பர். வடக்கே கனடாவின் யூக்கொன் நிலம் தொடங்கித் தெற்கே அந்தீஸ் மலைத்தொடரின் கோடிவரை அது வாழ்கின்றது. வரியோ புள்ளியோ இல்லாத மண்ணிற உடலும் நீண்ட வாலும் உடையது. மலைச் சிங்கம் என்ற பெயர் பெற்றும் அதற்குக் கர்ச்சிக்கத் தெரியாது. வீட்டுப் பூனையைப் போலக் குறுகுறுக்கவே தெரியும். அதன் தலையாய இரை மான். அந்தியிலும் விடியற் கருக்கலிலும் தனித்து இரைதேடும் இவ்விலங்கு, மனிதரின் அரவங் கேட்டால் பெரும்பாலும் விலகியே செல்லும்.

அப்படியாயின் வீட்டு வாசலுக்கு அது ஏன் வருகின்றது? மேற்கு அமெரிக்காவின் நகரங்கள் பல மலையடிவாரத்தில் தோன்றி, ஆண்டுதோறும் மலைமேல் ஏறிக்கொண்டே போயின. புதிய மனைகளில் பூஞ்செடியும் புற்றரையும் வளர்ந்தன. அவற்றை மேய மான் வந்தது. மானைத் தேடிப் பூமா வந்தது. அன்றியும், தாயைப் பிரிந்த இளம் ஆண் பூமா தனக்கென ஒரு நிலம் தேடி நெடுந்தூரம் அலையும். அந்நிலத்தின் குறுக்கே இன்று பெருந்தெருக்களும் மதில்களும் நிற்கின்றன. விலங்கு ஊருக்குள் நுழைந்தது என்கிறோம். ஊர் விலங்கின் வழியில் நுழைந்தது என்று சொல்வதே பெரும்பாலும் பொருந்தும்.

இதற்கு ஒரு பூமாவின் வாழ்க்கையே சான்றாகும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவே கிறிபித் பூங்கா என்னும் குன்றுப் பகுதி உண்டு. ஹொலிவூட் என்னும் பெரிய வெள்ளை எழுத்துகள் நிற்பதும் அக்குன்றுகளிலேதான். 2012 பெப்ரவரியில், அங்கு விலங்குகளின் நடமாட்டத்தை ஆராயவென வைத்த தானியங்கிப் புகைப்படக் கருவியில் ஒரு பூமாவின் உருவம் பதிந்தது. ஆராய்ச்சியாளர் அதனைப் பிடித்துக் கழுத்தில் வானொலிப் பட்டி பூட்டி விடுவித்தனர். பி-22 என்பது அதற்கு இட்ட பெயர். மரபணுச் சோதனையில், மேற்கேயுள்ள சாந்தா மொனிக்கா மலையில் அது பிறந்ததென்பது தெரியவந்தது. அங்கிருந்து பூங்காவை அடைவதற்கு இரவும் பகலும் வண்டிகள் ஓயாத இரு பெருந்தெருக்களை அது கடந்திருக்க வேண்டும்.

ஆண் பூமாவொன்று உலாவுவதற்கு ஏறக்குறைய 150 சதுர மைல் நிலம் வேண்டும். பி-22 பெற்ற நிலமோ 9 சதுர மைலுக்குள் அடங்கியது. ஆங்கே மானும் நீரும் இருந்தன; வேறொரு பூமா மட்டும் இல்லை. பத்து ஆண்டுகள், துணையின்றியே அது வாழ்ந்தது. கீழே நகரில் இலட்சோப இலட்சம் மக்கள் உறங்கிக்கொண்டிருக்க, மேலே அது தன் வழியே திரிந்தது.

2015 ஏப்ரிலில் நடந்த நிகழ்ச்சியொன்றை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அயலிலுள்ள வீடொன்றில் வேலை செய்ய வந்த தொழிலாளி, வீட்டுத் தளத்தின் கீழுள்ள இடுக்கில் பூமாவொன்று படுத்திருக்கக் கண்டார். செய்தி பரவியது. செய்தியாளர் திரண்டனர், விளக்குகள் ஒளிர்ந்தன. அதிகாரிகள் அதனை வெளியேற்றுதற்குப் பந்துகளை எறிந்து பார்த்தனர், அது அசையவில்லை. இறுதியில், இரவில் கூட்டத்தை விலக்கி இடத்தை அமைதியாக விட்டனர். விடிந்து பார்க்கையில் இடுக்கு வெறுமையாக இருந்தது. பந்தாலும் விளக்காலும் ஆகாத காரியம், மனிதர் சற்று விலகி நின்றதனால் ஆயிற்று.

இதனைக் கேட்டுப் பூமா சாதுவான விலங்கென்று எவரும் எண்ணிவிடலாகாது. வட அமெரிக்காவில் கடந்த நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் பூமாவால் இறந்தோர் தொகை முப்பதுக்கும் குறைவே. ஆனால், தொகை சிறிதாயினும் துயர் சிறிதன்று. 2024 மார்ச்சில் வட கலிபோர்னியாவில் சகோதரர் இருவரைப் பூமா தாக்க, ஒருவர் உயிரிழந்தார். அம்மாநிலத்தில் இருபது ஆண்டுகளில் நேர்ந்த முதல் மரணம் அது. மகனை இழந்த வீட்டில் புள்ளிவிபரம் ஆறுதல் தராது. ஆடும் நாயும் இழந்தோரின் கவலையும் பொய்யன்று. பி-22 தானும் 2022 நவம்பரில், கயிற்றிற் கட்டி நடத்திச் சென்ற ஒரு சிறு நாயைக் கொன்றது.

ஆகையால் அவ்விடத்து மக்கள் அச்சத்தை ஒழுக்கமாக மாற்றக் கற்றனர். ஆட்டுக்கு இரவில் கூரையுள்ள கொட்டில். நாய் பூனைகளுக்கு வீட்டினுள்ளே உணவு. அந்தியிற் பிள்ளைகளைத் தனியே வெளியில் விடாமை. எதிரே பூமாவைக் கண்டால் ஓடலாகாது; ஓடுவதைத் துரத்துவது பூனையினத்தின் இயல்பு. அதனை நேரே நோக்கியபடி, சிறுவரைக் குனியாமல் தூக்கிக்கொண்டு, கைகளை உயர்த்தி, உரத்த குரலெழுப்பி, மெல்லப் பின்வாங்க வேண்டும். தாக்கினால் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு எதிர்த்துப் போராட வேண்டும். இவையே அங்கே பள்ளிப்பிள்ளையும் அறிந்திருக்க வேண்டிய பாடம்.

இனிச் சுடும் கேள்விக்கு வருவோம். அவர்கள் சுடாதவர்கள் அல்லர். 1907 முதல் 1963 வரை பூமாவைக் கொன்று வருவோருக்குக் கலிபோர்னியா அரசே பரிசுப்பணம் வழங்கியது. பின்னர் மனம் மாறியது. 1990இல் மக்கள் தம் வாக்குகளால் பூமா வேட்டையைத் தடைசெய்தனர். மக்களுக்கோ வளர்ப்பு விலங்குகளுக்கோ ஊறு நேரும் நிலை போன்றவற்றில் சட்டம் விலக்களிக்கின்றது.

வேட்டை நின்றும் பூமாவின் துன்பம் தீரவில்லை. 2014இல் பி-22 சொறிநோயால் மெலிந்து கிடந்தது. அதன் குருதியில் எலி நஞ்சு கலந்திருந்தது. வீட்டில் எலிக்கு வைக்கும் நஞ்சு, எலியைத் தின்ற விலங்கின் வழியாக ஏறி, மலையிலுள்ள பூமாவையும் எட்டிவிட்டது. 2020இல் அம்மாநிலம் அத்தகைய கொடிய எலி நஞ்சுகளின் பாவனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. சிகிச்சையால் தேறிய பி-22, 2022 டிசம்பரில் வண்டியொன்றில் அடிபட்ட காயத்துடனும் தீராத நோயுடனும் காணப்பட்டது. மருத்துவர் ஆராய்ந்து, 17ஆந் திகதி வேதனையின்றி அதன் உயிரைப் போக்கினர். அடுத்த பெப்ரவரியில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர்.

கண்ணீரோடு மட்டும் அவர்கள் நின்றுவிடவில்லை. பெருந்தெருக்களால் அடைபட்டு உறவுக்குள்ளேயே இனம் பெருகியதன் விளைவாக, வால் வளைந்த பூமாக்கள் 2020இல் அப்பகுதியிற் காணப்பட்டன. அதனைத் தீர்க்க, நாளொன்றுக்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும் பெருந்தெருவுக்கு மேலே, மண்ணும் மரஞ்செடியும் கொண்ட ஒரு பாலம் அமைக்கத் தீர்மானித்தனர். 2022 ஏப்ரில் 22ஆந் திகதி, பி-22 உயிரோடிருக்கும்போதே, அதன் வேலை தொடங்கியது. மனிதர் நடப்பதற்கன்று, விலங்குகள் நடப்பதற்கென்றே அப்பாலம்!

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. நம் மலைநாட்டில் லயங்களின் அருகே சிறுத்தை வருவதையும், கொழுந்து பறிக்கும் பெண்கள் அதனாற் காயமுறுவதையும் நாம் கேள்விப்படுகின்றோம். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில், அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டுச் சில நாளில் மாண்டது. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. பாலங் கட்டுவதற்குக் கோடிக்கணக்கிற் பணம் வேண்டும். சுருக்கு வைக்காமலிருப்பதற்குச் சதமும் வேண்டியதில்லை. எனினும், கொழுந்து பறிப்போருக்குக் காவலும், லயங்களுக்கு விளக்கும் தராமல், சிறுத்தையைக் காப்பாற்றுங்கள் என்று அவர்களுக்கு உபதேசிப்பதும் முறையன்று.

ஆதலின், என் மாணவனே, உன் கேள்விக்கு விடை இதுதான். துவக்கு அவர்களிடம் இருந்தது. அதனைக் கொண்டு ஐம்பத்தாறு ஆண்டுகள் பரிசும் பெற்றுப் பார்த்தார்கள். பின்பு, கொல்வதைவிடக் கொட்டிலுக்குக் கூரை போடுவது நன்றென்று கண்டுகொண்டார்கள். அயலவன் நல்லவனாக இருந்தாற்றான் அயலவனா? அஞ்சத்தக்க அயலவனோடும் வேலி அறிந்து வாழலாம். அந்த வேலியை அடிக்கடி மீறியவர் யார் என்பதை மட்டும், அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பிலே நீயே எழுந்து சொல்வாயாக.