நடராஜர் கால் கட்டைவிரலில் காந்தம் இல்லை

மார்கழி பிறந்தால் திருவாதிரைக் களிக்கு முன்பே அந்தச் செய்தி கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. சிதம்பரம் நடராஜரின் கால் கட்டைவிரல் இருக்கும் இடம்தான் பூமியின் காந்த நடுக்கோட்டு மையமாம். மேலைநாட்டு விஞ்ஞானிகள் எட்டு ஆண்டு ஆராய்ந்து கண்டுபிடித்தார்களாம். காளத்தி, காஞ்சி, தில்லை மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவாம். பொன்னம்பலக் கூரையின் 21,600 ஓடுகள் ஒரு நாளின் மூச்சுகள், 72,000 ஆணிகள் நம் நாடிகள். கடைசியில், இதையெல்லாம் திருமூலர் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று ஒரு முத்திரை. இப்போது இது கைப்பேசியோடு நிற்பதில்லை. கோயில் மலர்களில் அச்சாகிறது, பள்ளி ஆண்டு மலரில் மாணவர் கட்டுரையாக வருகிறது, பட்டிமன்ற மேடையில் கைதட்டல் வாங்குகிறது.

கடவுள் உண்டா இல்லையா என்பதல்ல இங்கே வழக்கு. ஆருத்ரா தரிசனத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கூட்டத்தில் நெரிபடுகிறவரோடு எனக்குப் பிணக்கில்லை. பிணக்கெல்லாம் இந்தச் செய்தியோடுதான். இதில் இருப்பது அறிவியலும் இல்லை, தில்லையின் மரபும் இல்லை.

காந்தத்திலிருந்து தொடங்கலாம். திசைகாட்டி முள்ளை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால், வட பகுதிகளில் அதன் வடமுனை தரையை நோக்கிச் சாயும், தென் பகுதிகளில் தென்முனை சாயும். எந்தப் பக்கமும் சாயாமல் முள் மட்டமாக நிற்கும் இடங்களை இணைத்தால் வருவதுதான் காந்த நடுக்கோடு. உலகைச் சுற்றி வரும் அந்தக் கோட்டுக்கு மையம் என்று ஒரு புள்ளி கிடையாது. வளையலுக்கு எது நடு என்று கேட்பது போன்ற கேள்வி அது. சரி, மையம் வேண்டாம், கோடாவது சிதம்பரத்தைத் தொடுகிறதா? இல்லை. இந்தியாவில் அது நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. விக்ரம் சாராபாய் நம் முதல் ராக்கெட் தளத்துக்குத் திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தக் கோடுதான். அங்கிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதே காரணத்துக்காகத்தான். தும்பாவின் அட்சரேகையிலிருந்து சிதம்பரம் 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது.

காந்த நடுக்கோட்டில்தான் கூத்தன் ஆடியாக வேண்டுமென்றால், ஐந்து சபைகளில் நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்குத்தான் உரிமை அதிகம். நெல்லைக்காரர்கள் இன்னும் இதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று, அந்தக் கோடு நிலையானதும் அல்ல. பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருப்பதால் காந்தப்புலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நடுக்கோடும் நகர்கிறது. இன்றைக்குக் கோடு ஒரு கோயிலின் மேல் போனாலும் நூறு ஆண்டு கழித்து அங்கே இருக்காது.

அந்த விஞ்ஞானிகள் யார், எந்த நாட்டவர், எந்த இதழில் எழுதினார்கள் என்று செய்தி சொல்வதில்லை. எந்தக் கால் என்றுகூடச் சொல்வதில்லை. முயலகன் மேல் ஊன்றிய வலக்காலா, தூக்கிய இடக்காலா? அடியார்கள் உருகுவது அந்தத் தூக்கிய திருவடிக்குத்தான். தில்லையில் அந்தப் பாதத்தில் வேர்களால் கட்டிய மாலையைச் சார்த்தி, அதற்கும் குஞ்சிதபாதம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தில்லைக்கு ஒருமுறை போய்வந்தவர் எழுதியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

ஒருமுறை தேர்த் திருவிழா பார்த்தவராக இருந்தால் செய்தியையே எழுதியிருக்க மாட்டார். மற்றக் கோயில்களில் மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை, வீதிக்கு வருவது உற்சவர். தில்லையில் மூலவரே உற்சவர். ஆனியிலும் மார்கழியிலும் ஆண்டுக்கு இருமுறை நடராஜரும் சிவகாமசுந்தரியும் சிற்சபையை விட்டு இறங்கித் தேரேறி நான்கு வீதியும் வருகிறார்கள். அன்றிரவு ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கல், விடியுமுன் மகாபிஷேகம். அதற்குப் பிறகுதான் ஆடியபடியே சபைக்குத் திரும்புகிறார்கள். கட்டைவிரல் கீழ வீதியில் போய்க்கொண்டிருக்கும்போது காந்த மையம் எங்கே இருந்தது?

இரண்டு நாள் கணக்கு மட்டுமல்ல. 17-ஆம் நூற்றாண்டில் படையெடுப்புக்கு அஞ்சி நடராஜரை ஊரைவிட்டே எடுத்துச் சென்றார்கள். முதலில் குடுமியான்மலை, பிறகு மதுரை. 1648-இல் போனவர் 1686-இல்தான் திரும்பினார். கிட்டத்தட்ட 38 ஆண்டுகள். ஒரு தலைமுறையே பொன்னம்பலத்தில் கூத்தனைக் காணாமல் வளர்ந்திருக்கிறது. தூக்கிச் சென்றவர்களின் பயமும், காத்திருந்தவர்களின் ஏக்கமும், திரும்பி வந்த நாளின் ஊர்வலமும் எழுத எவ்வளவோ இடம் தரும். பகிரப்படும் செய்தியில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது நேர்கோடு. இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். காளத்தி, காஞ்சி ஏகம்பம், தில்லை மூன்றும் கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகை 42 கலையை ஒட்டியே இருக்கின்றன. வடக்குத் தெற்காக 260 கிலோமீட்டர் நீளத்தில் கிழக்கு மேற்கு விலகல் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. வியப்பான பொருத்தம்தான். ஆனால் பஞ்சபூதத் தலங்கள் ஐந்து. நீர்த்தலமான திருவானைக்கா இந்தக் கோட்டிலிருந்து மேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. நெருப்புத்தலமான திருவண்ணாமலை அறுபது கிலோமீட்டருக்கு மேல். நிலமும் காற்றும் வானும் காந்தத்துக்குக் கட்டுப்பட்டு, நீரும் நெருப்பும் மட்டும் அடங்காமல் போனது ஏன்? செய்தி அந்த இரண்டின் பெயரையே எடுப்பதில்லை.

மூவர் பாடிய தலங்கள் மட்டுமே 270-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை சோழ நாட்டிலும் தொண்டை நாட்டிலும் நெருக்கமாகக் கிடக்கின்றன. அத்தனை புள்ளிகளுக்கு நடுவே அளவுகோலை எந்தப் பக்கம் வைத்தாலும் மூன்று கோயில்கள் சிக்கும். மூன்றையும் ஒரே காலத்தில் ஒரே மன்னன் திட்டமிட்டுக் கட்டவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி வேர் இருக்கிறது. காஞ்சியில் கம்பையாற்று வெள்ளத்துக்கு அஞ்சி உமை தழுவிய மணல் லிங்கம். காளத்தியில் கண்ணையே அப்பிய வேடன் கண்ணப்பன். தில்லையில் அந்தப் பெயரைத் தந்த மரங்களின் காடு. தில்லை உப்பங்கழியோரம் வளரும் மரம், இன்று அதைப் பார்க்கப் பிச்சாவரம் போக வேண்டும். அந்தக் காட்டில் தவம் செய்த புலிக்கால் முனிவரையும் பதஞ்சலியையும் விட்டுவிட்டுத் தீர்க்கரேகையைப் பிடித்துக்கொள்வது என்ன பக்தி என்று தெரியவில்லை.

எண்கள் விஷயத்தில் எனக்கு வருத்தமே அதிகம். 21,600 உண்மையிலேயே அழகான எண், அதைக் கெடுத்துவிட்டார்கள். மனிதன் ஒரு நாளில் சரியாக 21,600 முறை மூச்சு விடுவதில்லை. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது முறை மூச்சு விடுவார், ஓடினால் அதற்கும் மேல். எண் வந்தது காலக் கணக்கிலிருந்து. ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 6 பிராணன் என்று சூரிய சித்தாந்தம் வகுக்கிறது. பெருக்கினால் 21,600. வட்டத்தின் 360 பாகையைக் கலைகளாக்கினாலும் அதே 21,600தான். ஒரு பிராணன் நேரத்தில் சுழற்சி ஒரு கலை நகர்கிறது என்று ஆரியபட்டர் 5-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதியிருக்கிறார். உடலின் மூச்சையும் வானத்தின் சுழற்சியையும் ஒரே அலகில் கட்டிப் பார்த்த மனம் அது. ஆடுகிறவனின் கூரைக்கு இதைவிடப் பொருத்தமான எண் வேறு என்ன வேண்டும்? இதை ஏதோ மருத்துவப் பரிசோதனை முடிவு மாதிரி விற்றால், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிப் பார்க்கும் முதல் மாணவனே சிரித்துவிடுவான்.

கூரைக்கும் சரித்திரம் உண்டு. முதலாம் பராந்தகன் பொன் வேய்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. விக்கிரம சோழன் காலத்திலும் பொற்பணி நடந்தது, தளபதி நரலோகவீரன் செய்த திருப்பணிகள் தனிப் பட்டியல். யார் கொடுத்த பொன், எந்தப் போருக்குப் பிறகு, யார் வேய்ந்தது என்ற கேள்விகளுக்குக் கல்லும் செம்பும் பதில் வைத்திருக்கின்றன.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நடராஜர் நிற்கிறாரே, அது சாட்சி இல்லையா என்பார்கள். அந்த இரண்டு மீட்டர்ச் சிலை இந்திய அரசு தந்த பரிசு. 2004 ஜூன் 18 அன்று திறந்துவைத்தார்கள். நன்றியோடு வாங்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918-இல் வெளியிட்ட நூல் கூத்தனின் ஆட்டத்தை உலகம் பேச வைத்தது. இயற்பியலாளர் ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975-இல் எழுதிய நூல் அந்த ஆட்டத்தை அணுத்துகள் உலகத்தோடு இணைத்துப் பேச வைத்தது. இருவர் செய்ததும் உவமை. காப்ரா எந்தக் கட்டைவிரலையும் அளக்கவில்லை.

திருமூலர் பெயரை இழுத்தது எல்லாவற்றிலும் மோசம். சுந்தரர் தம் தொண்டத்தொகையில் அவரைப் பாடுவதால் சுந்தரருக்கு முற்பட்டவர் என்பது உறுதி. ஐயாயிரம் ஆண்டு என்பதற்கு ஆதாரமே இல்லை. மூவாயிரம் ஆண்டு யோகத்தில் இருந்து ஆண்டுக்கொரு பாட்டு அருளினார் என்பது சேக்கிழார் சொல்லும் வரலாறு. அதை அடியார் அன்பாகவே கொள்வார்கள், யாரும் ஆய்வகத்துக்கு அனுப்புவதில்லை.

தில்லைதான் மையம் என்ற எண்ணம் மரபில் இல்லாமல் இல்லை, பழையதுதான். உலகத்தை ஓர் உடலாகக் கண்டால் தில்லை அதன் இதயத் தாமரை, நடுநாடி செல்லும் வழி என்று தலபுராணம் சொல்கிறது. உலகுக்குச் சொன்னது உடலுக்கும் பொருந்தும். ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு சிற்றம்பலம், அங்கே ஆட்டம். நந்தி மண்டபத்தருகே நிற்கும் கூலிக்காரருக்கும் தேர் வடம் பிடிக்கும் மாணவிக்கும் அது சமமாக உண்டு. இதை எடுத்துத்தான் யாரோ நிலப்படத்தில் ஒரு புள்ளியாகக் குறித்துவிட்டார்கள். சிற்சபையில் உருவமாக நடராஜர் இருக்கிறார், அருவுருவமாகப் படிகலிங்கம். மூன்றாவது, பக்கத்துத் திரை விலகும்போது தெரியும் வெளி. பொன் வில்வ மாலை தொங்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. அளக்க முடியாததை அப்படியே காட்டத் துணிந்த கோயில் இது. அந்த இடத்தில் போய் அளவுநாடாவைப் பிடிக்கிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், பிள்ளைகள் பெருமையோடு வளரட்டுமே என்பது கடைசி வாதம். நஷ்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை கைப்பேசியில் நிலப்படத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். காந்தக் கதை பொய் என்று தெரிந்த கையோடு தேவாரம் கிடைத்த கதையையும் அது ஒதுக்கிவிடும். தில்லையில் பூட்டிய அறைக்குள் ஏடுகள், பாடிய மூவரும் வந்தால்தான் திறக்கும் என்ற நிபந்தனை, மன்னன் மூவர் திருவுருவங்களையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தியது, உள்ளே கரையான் தின்றது போக மிஞ்சிய பதிகங்கள். சேக்கிழாருக்கு இறைவன் முதலடி எடுத்துக் கொடுத்தது. வாசலுக்கு வெளியே நின்று உருகி, தீயில் இறங்கிய பிறகே உள்ளே சேர்க்கப்பட்ட நந்தனார். இவற்றில் எது நடந்தது, எது நம்பிக்கை என்று வாதிடலாம், வாதிடவும் வேண்டும். ஆனால் இவையெல்லாம் தில்லையில் முளைத்தவை. ஒன்பது வாயில், எழுபத்திரண்டாயிரம் ஆணி என்று கணக்கு ஒப்பிக்கும் எந்தச் செய்தியும் நந்தனார் எந்த வாயிலில் நின்றார் என்று கேட்பதில்லை.

கோயில் மலர் தொகுப்பவர்களுக்கும் ஆண்டு மலருக்குக் கட்டுரை திருத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மார்கழிக்கு அந்த "மேலைநாட்டு விஞ்ஞானிகள்" பத்தி வந்தால், எழுதியவரிடம் ஆய்வறிக்கையின் பெயரைக் கேளுங்கள். தரமாட்டார். அந்த இடத்தில் 38 ஆண்டு ஊரைப் பிரிந்திருந்த நடராஜரின் வரலாற்றைப் போடுங்கள்.